பினாங்குத் தீவை நடந்து பார்ப்பது எப்படி

பினாங்குக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பலர், 'தீவு' என்ற சொல்லைக் கேட்டதுமே கடற்கரையோர விடுதியில் அறை எடுத்துவிடுகிறார்கள். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தேன். வடக்குக் கரையில் தங்கி, ஒவ்வொரு நாளும் காலையில் நகருக்குப் பேருந்தில் போய், மாலை நெரிசலில் திரும்பி வந்ததில் இரண்டு நாள்கள் வளைவும் நெளிவுமான மலையோரச் சாலையிலேயே கழிந்தன. பினாங்கின் உயிர் கடற்கரையில் இல்லை. அது ஜார்ஜ்டவுன் நகரத்தின் பழைய தெருக்களில் இருக்கிறது. ஆகவே இத்தீவைப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பழைய நகருக்குள், நடந்து போகும் தூரத்தில் ஓர் அறையைப் பிடிப்பதுதான். தெளிந்த நீரும் வெண்மணலும் மட்டுமே வேண்டும் என்பவர்கள் இன்னும் வடக்கே உள்ள லங்காவிக்குப் போகலாம். கோயிலும் பள்ளிவாசலும் சீனக் குலமன்றங்களும் ஒரே தெருவில் நிற்பதைப் பார்க்கவும், நாளைக்கு நான்கு வேளை சாப்பிடவும், மலையேறிக் கடலைப் பார்க்கவும் விரும்புகிறவர்களுக்குப் பினாங்கு ஏற்ற இடம். அதற்கு நான்கு முழு நாள்கள் வேண்டும்.

புறப்படும் முன்

பினாங்கு என்ற பெயருக்கு மலாய் மொழியில் பாக்கு என்று பொருள். புலாவ் பினாங்கு என்றால் பாக்குத் தீவு. ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவும், எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறை நிலப்பகுதியும் சேர்ந்ததே பினாங்கு மாநிலம். நம் தாத்தா காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பலில் ஏறியவர்களுக்குக் கடல் கடந்து முதலில் கண்ணில் பட்ட ஊர் இதுதான். இன்று வேலை எளிதாகிவிட்டது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. நேரடி விமானம் உங்கள் தேதிக்கு அமையாவிட்டால், கோலாலம்பூரில் இறங்கி வேறு விமானம் ஏறலாம், அல்லது கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து விரைவு மின்ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பயணம் செய்து பட்டர்வொர்த்தில் இறங்கலாம்.

நேரம் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ரயில் வழியைத்தான். பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து படகுத் துறைக்கு நடந்தே போய்விடலாம். சிறு தொகை கொடுத்துப் படகில் ஏறினால், சில நிமிடங்களிலேயே ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களும் அவற்றின் பின்னே எழும் கொடிமலையும் நெருங்கி வரும். தீவை நிலத்தோடு இணைக்கும் முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, 13.5 கிலோமீட்டர் நீளம். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர் நீளமுடையது. அவற்றின் மேல் காரில் விரைவது வசதிதான். ஆனாலும் இது துறைமுகமாகப் பிறந்த ஊர், அதைக் கடல் வழியாக அணுகும்போதுதான் அதன் அமைப்பு மனத்தில் பதிகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள்கள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழையும் சலுகை உண்டு. 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்ட சலுகை அது என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டியதில்லை என்றாலும், மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னிலக்க வருகை அட்டையை நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவானாலும் அது இடைத்தரகருடையது என்று அறிந்து விலகிவிடுங்கள். விடுதியில் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். முன்பதிவில் காட்டிய தொகைக்கு மேல் இது வருவது வழக்கம்தான். மின்செருகி ஆங்கிலேயர் முறையில் தட்டையான மூன்று முனை கொண்டது, நம் ஊர் செருகி பொருந்தாது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர் ஆதலால், எந்த மாதத்திலும் பிற்பகலில் ஒரு மழை கொட்டி ஓயலாம். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 24 முதல் 32 பாகை வரை இருக்கும். இதனால் நாளைத் திட்டமிடும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். காலை ஏழு முதல் பதினொன்று வரை நடங்கள். நண்பகலில் கூரையுள்ள இடத்துக்குள் இருங்கள் அல்லது அறையில் உறங்குங்கள். மாலை நான்கரைக்கு மேல் மறுபடி வெளியே வாருங்கள். நண்பகல் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, மாலைக்குள் களைத்துப் படுத்துவிடும் குடும்பங்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்த்திருக்கிறேன்.

பழைய நகரம்

1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இத்தீவைக் கைக்கொண்டார். காட்டை வெட்ட ஆள்கள் தயங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டு, காசு தேடும் ஆசையில் அவர்கள் மரங்களை வெட்டிச் சாய்க்கும்படி செய்தார் என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்தக் காடு வெட்டிய இடத்தில் எழுந்த நகரத்துக்குச் சீனர்களும் தமிழர்களும் மலாய்க்காரர்களும் சுமத்ராவின் அச்சேயர்களும் அர்மீனியர்களும் வந்து குடியேறினார்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததற்குக் காரணம் இந்தக் கலப்புதான்.

நடையைக் குயின் தெருவில் உள்ள அருள்மிகு மகாமாரியம்மன் கோயிலில் தொடங்குங்கள். 1833இல் எழுந்த இக்கோயிலே பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். காலைப் பூசை நேரத்தில் போனால், சுற்றியுள்ள குட்டி இந்தியாவின் பூக்கடைகளில் மாலை கட்டுவதையும், பலசரக்குக் கடைகளின் கதவுப் பலகைகள் ஒவ்வொன்றாகத் திறப்பதையும் பார்க்கலாம். கோயிலிலிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801ஆம் ஆண்டளவில் நிறுவியது அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அந்த மக்களின் பெயரைத்தான் அருகே ஓடும் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் ஒரு சிறிய நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவரின் பெயரில் எழுந்த நினைவிடம் அது. கடைகளுக்கு இடையே ஒதுங்கி நிற்பதால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நாகூரையும் நாகப்பட்டினத்தையும் அறிந்தவர்கள் அதன் முன் ஒரு நிமிடம் நிற்காமல் போக மாட்டார்கள்.

பள்ளிவாசலின் பெயரைக் கொண்ட சாலையிலேயே வடக்கு நோக்கி நடந்தால், ஊதுவத்திப் புகை மண்டிய கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலும், அதைத் தாண்டியதும் 1818இல் கட்டப்பட்ட வெண்ணிறத் தூண்கள் கொண்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் வரும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட நடைக்குள் அடங்கும். அந்தப் பத்து நிமிட நடைக்கு ஒரு காலைப் பொழுது முழுவதையும் கொடுங்கள். கோயிலுக்குள் சட்டை, செருப்பு, புகைப்படம் பற்றிய விதி ஒன்று, பள்ளிவாசலில் தலையையும் காலையும் மூடும் விதி வேறு. பள்ளிவாசலில் தொழுகை நேரங்களில் வருகையாளரை உள்ளே விடுவதில்லை, மற்ற நேரங்களில் மேலங்கி கொடுத்து அன்போடு அழைத்துச் செல்கிறார்கள்.

நடக்கும்போது காலடியையும் பாருங்கள். பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றின் முன்னும் ஏறத்தாழ ஐந்தடி அகலத்தில் கூரையுள்ள நடைபாதை விட்டிருக்கிறார்கள். ஐந்தடிப் பாதை என்றே அதற்குப் பெயர். ஒரு வீட்டின் முன் பச்சைப்பூ ஓடுகள், அடுத்த வீட்டின் முன் சிவந்த சுட்டமண் ஓடுகள், அதற்கடுத்து வெறும் சிமெண்டு என்று தரை மாறிக்கொண்டே வரும். ஓடு மாறும் இடத்தில் பெரும்பாலும் ஒரு படி உயரவோ தாழவோ செய்யும் என்பதால், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் தடுக்கி விழ வாய்ப்புண்டு. சுவரோரத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், செந்நிறத் தகரப் பெட்டிக்குள் நிலத் தெய்வத்துக்கு மூன்று ஊதுவத்திகள் எரியும். பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள் நிற்கும். தள்ளுவண்டியில் குழந்தையை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை வசதிப்படாது. தூக்கிக்கொள்வதே நல்லது.

பிற்பகல் வெயிலுக்குக் கூ கொங்சியை வைத்துக்கொள்ளுங்கள். கூ என்ற குலப்பெயர் கொண்ட சீனர்கள் தம் முன்னோருக்கு எழுப்பிய மன்றம் அது. முதலில் கட்டிய மன்றம் பேரரசரின் அரண்மனையைப் போல ஆடம்பரமாக இருந்ததால் தெய்வங்களே சினந்து 1901இல் அதை எரித்துவிட்டன என்று நம்பிய குலத்தார், அளவைக் குறைத்து 1906இல் இப்போதுள்ள மன்றத்தைக் கட்டி முடித்தார்கள். குறைத்துக் கட்டியதே இப்படி என்றால் எரிந்தது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். கூரை விளிம்பு முழுவதும் நெருக்கமாக நிற்கும் சுதை உருவங்களும், கல்லில் குடைந்த தூண்களும் அவ்வளவு நுட்பமானவை. நீல மாளிகை எனப்படும் சியோங் ஃபட் ட்சே மாளிகையையும், மலாய் வழக்கங்களை ஏற்றுக்கொண்ட சீன வழியினரான பெரானாக்கான்களின் மாளிகையையும் பலரும் பார்க்கச் சொல்வார்கள். ஒன்றைப் பார்த்தால் போதும் என்றால், கட்டடக்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் முன்னதையும், நகை, பாத்திரம், திருமணச் சடங்கு போன்ற வாழ்க்கைப் பொருள்களில் ஈடுபாடு உள்ளவர்கள் பின்னதையும் தேர்ந்துகொள்ளலாம். கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். அங்கே 1603இல் வார்த்த செரி ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்.

சுவர் ஓவியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லித்துவேனியரான எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த, மெய்யான மிதிவண்டியைச் சுவரில் பதித்து அதன்மேல் இரண்டு குழந்தைகளைத் தீட்டிய ஓவியம் அர்மீனியன் தெருவில் இருக்கிறது. அதன் முன் படம் எடுக்க ஒரு வரிசையே நிற்கும். காலை எட்டு மணிக்கு முன் போனால் ஓவியத்தை ஓவியமாகப் பார்க்கலாம். வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லா ஓவியங்களையும் தேடி அலைவதற்குள் தெருக்களைத் தவறவிட்டுவிடுவோம் என்பது என் எண்ணம்.

மாலைக்குரிய இடம் சியூ படகுத்துறை. கடலுக்குள் மரக்கால்களை ஊன்றி, அவற்றின்மேல் பலகை பரப்பிச் சீனக் குலத்தார் கட்டிய வீட்டு வரிசைகள் இவை, ஒரு குலத்துக்கு ஒரு துறை. பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே அலை மின்னுவது தெரியும். முன்வரிசை வீடுகள் நினைவுப் பொருள் கடைகளாக மாறிவிட்டன, ஆனாலும் உள்ளே மக்கள் வாழ்கிறார்கள். துணி உலர்த்தும் பெண்மணியையும், வாசலில் உறங்கும் முதியவரையும் கேட்காமல் படம் எடுப்பது, நம் வீட்டுத் திண்ணையில் அந்நியர் ஏறி நின்று படம் எடுப்பதைப் போன்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, துறையின் கடைசிப் பலகை வரை நடந்து, அங்கிருந்து எதிர்க்கரை விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

சாப்பாடு

பினாங்குக்கு வரும் மலேசியர்களில் பாதிப் பேர் சாப்பிடவே வருகிறார்கள் என்று சொன்னால் உள்ளூர்க்காரர் எவரும் மறுக்க மாட்டார். நமக்கு நெருக்கமான உணவு நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து இந்தப் பெயர் வந்தது. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907 முதல் இதை விற்று வருகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே பத்துப் பன்னிரண்டு பெரிய தட்டுகளில் மீன்முட்டைக் குழம்பு, கோழிப் பொரியல், கணவாய், ஆட்டிறைச்சி, வெண்டைக்காய் எல்லாம் ஆவி பறக்க வைத்திருப்பார்கள். பரிமாறுபவர் தட்டில் சோற்றைக் கொட்டியதும் நீங்கள் கையால் காட்டுவதை வைப்பார். கடைசியில் ஒரே கரண்டியை இந்தக் குழம்பிலும் அந்தக் குழம்பிலுமாக மாற்றி மாற்றி முக்கி, சோற்றின் தலையில் ஊற்றுவார். குழம்புகள் கலந்து தட்டு விளிம்பைத் தொடும் அந்தப் பக்குவத்துக்கு 'பஞ்சிர்' என்று பெயர். மலாயில் வெள்ளம் என்று பொருள். "அண்ணே, பஞ்சிர்" என்று சொன்னால் போதும், பல கடைகளில் பதில் தமிழிலேயே வரும். விலைப்பட்டியல் பெரும்பாலும் இருக்காது. தட்டைப் பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். பெரிய இறாலும் மீன்முட்டையும் விலை கூடியவை என்பதால், வைக்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். புளிப்பும் காரமுமாகப் பெயர் பெற்ற அசாம் லக்சா மீனை வேகவைத்து எடுத்த சாற்றில் செய்யப்படுகிறது. மேலே இறால் விழுதும் ஊற்றுவார்கள். சார் குவே தியோ எனப்படும் தட்டை அரிசிச் சேமியா வறுவலில் இறாலும் சிப்பியும் இருக்கும், சீனர் கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். வெறும் கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்கும் கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் என்ற இறால் கட்டியை இடித்துப் போட்டிருப்பார்கள். நம் பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு மட்டும் வேண்டும், மீன் குழம்பு கலக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சைவ உணவுக்குக் குட்டி இந்தியாவிலேயே போதிய கடைகள் உண்டு. வாழையிலைச் சோறும் இட்டிலியும் காலை முதல் இரவு வரை கிடைக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேல், பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் நின்றுகொண்டே குடிக்கும் செண்டோல் எவருக்கும் விலக்கில்லை. தேங்காய்ப் பாலும் குலா மலாக்கா வெல்லப்பாகும் பனித்தூளும் பச்சை மாவு இழைகளும் கலந்த அந்தக் கிண்ணம் பிற்பகல் மூன்று மணிக்கு அமிர்தம்தான். 'அப்போம்' என்று எழுதிய தள்ளுவண்டியைக் கண்டால் நில்லுங்கள். அது நம் ஆப்பம், பெயரும் ஊரும் மாறி நிற்கிறது.

கொடிமலையும் ஆயர் ஈத்தாமும்

இரண்டாம் நாளை ஆயர் ஈத்தாம் பகுதிக்கு ஒதுக்குங்கள். படகுத்துறையிலிருந்தும் கொம்தார் கோபுரத்திலிருந்தும் 204ஆம் எண் பேருந்து மலையடிவார நிலையம் வரை போகிறது. பேருந்தில் ரொக்கமாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள், ஆகவே சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும். பழைய நகருக்குள் சுற்றுவதற்குக் கட்டணமில்லாப் பேருந்து ஒன்று ஓடுகிறது. மற்ற இடங்களுக்குக் 'கிராப்' செயலியில் கார் அழைப்பது மலிவாகவே முடியும்.

மலாயில் புக்கிட் பெண்டேரா என்பதைத் தமிழர்கள் கொடிமலை என்றே சொல்கிறார்கள். 1923 முதல் இந்த மலைமீது கம்பிவட ரயில் ஓடுகிறது. பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011இல் புதுப்பித்த பிறகு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவை மாறாமலே சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. நான் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மேலே ஏறியபோது மலையுச்சி முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. அதற்குப் பிறகு ஆறரை மணிக்கு ஓடும் முதல் ரயில்களிலேயே ஏறுகிறேன். அந்த நேரத்தில் வரிசை இராது. காற்று, கீழே இருப்பதைவிட ஐந்து பாகையாவது குளிர்ந்து இருக்கும். கிழக்கே நகரும் நீரிணையும் இரண்டு பாலங்களும் எதிர்க்கரை மலைகளும் துலக்கமாகத் தெரியும். உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் தோன்றும் இலைத்தின்னிக் குரங்குகள் மரக்கிளைகளில் அமைதியாக இலை மென்றுகொண்டிருக்கும். காட்டைத் தரையிலிருந்தும் மர உச்சியிலிருந்தும் பார்க்க விரும்புகிறவர்கள் மேலே உள்ள 'ஹாபிடாட்' வனநடைக்குத் தனிச்சீட்டு எடுக்கலாம். இம்மலையும் சுற்றுப்புறமும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. முழங்கால் வலுவுள்ளவர்கள் ரயிலில் ஏறி, தாவரவியல் பூங்காவை நோக்கி இறங்கும் ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதையில் நடந்து இறங்கலாம். சரிவு கடுமையானது, நல்ல காலணி இல்லாமல் முயல வேண்டாம்.

ரயிலிலேயே கீழே இறங்கினால், சிறிது தொலைவிலேயே கெக் லோக் சி பௌத்தக் கோயில். 1890களில் தொடங்கிய திருப்பணியின் உச்சம், 1930இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரம். அதன் அடிப்பகுதி சீன முறையிலும், நடுப்பகுதி சயாம் முறையிலும், முடி பர்மிய முறையிலும் அமைந்திருப்பதைக் கீழே நின்றே பார்த்துப் பிரித்தறியலாம். அதற்கு மேல், சரிவு மின்தூக்கியில் ஏறிப் போனால், 2002இல் நிறுவிய 30 மீட்டருக்குச் சற்று உயரமான குவான் யின் வெண்கலச் சிலை. சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் இக்கோயிலை இரவில் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான விளக்குகளால் மலைச்சரிவே ஒளிரும்.

தண்ணீர்மலை

தமிழ் வாசகர்கள் தவறவிடக்கூடாத இடம் இது. தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயிலும், அதைத் தாண்டி 513 படிகள் ஏறினால் மலைமேல் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலும் உள்ளன. மலைக்கோயில் இப்போதுள்ள பெரிய உருவில் 2012இல் குடமுழுக்குக் கண்டது. படிகளை விடியற்காலையிலோ மாலையிலோ ஏறுங்கள்.

தைப்பூசத்துக்குப் பயணத்தைப் பொருத்த முடிந்தால் அதற்கு ஈடான காட்சி இத்தீவில் வேறில்லை. முதல் நாள் காலையில் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் ஊர்வலம் வருகிறது. வழிநெடுகத் தேங்காய்களைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்து, ரதம் நெருங்கும்போது உடைப்பார்கள். உடைப்பவர்களில் பெருந்தொகையினர் சீனர்கள். ரதம் கடந்த பிறகு சாலை முழுவதும் சிதறிய ஓடுகளும் இளநீருமாக வழுக்கும், ஆகவே வெறுங்காலுடனோ திறந்த செருப்புடனோ போகாதீர்கள். அந்த நாள்களில் விடுதி அறைகள் வெகு முன்பே நிரம்பிவிடும், சாலைகளும் மூடப்படும்.

அருகிலுள்ள தாவரவியல் பூங்கா 1884இல் தோன்றியது. அங்கே நாகலிங்க மரங்கள் பூத்து நிற்பதைக் காணும்போது, கோயில் பிரகாரத்தில் அல்லாமல் புல்வெளியில் அதைப் பார்ப்பது நமக்குப் புதுமையாக இருக்கும். அங்குள்ள நீளவால் குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பறிக்கத் தயங்குவதில்லை.

வடக்குக் கரை

மூன்றாம் நாள் 101ஆம் எண் பேருந்தில் வடக்கே போங்கள். வழியில் புலாவ் தீக்குஸ் பகுதியில் இறங்கி, 33 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கும் புத்தரைச் சயாமியக் கோயிலிலும், சாலையின் எதிர்ப்புறத்தில் 1803 முதல் இருக்கும் பர்மியக் கோயிலையும் பார்த்துவிடலாம். அடுத்து வரும் பத்து பெரிங்கிதான் தீவின் பெயர் பெற்ற கடற்கரை. 'பெரிங்கி' வேறொன்றும் இல்லை, நம் 'பரங்கி'தான். பரங்கிப் பாறை என்பது ஊர்ப் பெயர். மாலையில் மணலில் நடக்கவும் இரவுச் சந்தையைச் சுற்றவும் ஏற்ற இடம். நீர் கலங்கலாக இருக்கும், சொறிமீன்களும் வருவதுண்டு. உள்ளூர்க்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், குழந்தைகளை ஆழத்துக்கு விடாதீர்கள்.

பேருந்து நிற்கும் கடைசி ஊர் தெலுக் பஹாங். 2003இல் அமைந்த பினாங்கு தேசியப் பூங்காவின் வாயில் அங்கேதான். பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்தி உள்ளே போனதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலோரமாகக் குரங்குக் கடற்கரைக்கும், மற்றொன்று காட்டைக் குறுக்காகக் கடந்து கெராச்சுட் கடற்கரைக்கும் போகும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒன்றரை மணி நேரம் வேர்ப்படிகளில் ஏறியிறங்கி மரப்பாலத்தை அடைந்தால், கடலை ஒட்டி ஓர் ஏரி தெரியும். நன்னீர் மேலாகவும், கடலிலிருந்து புகுந்த உப்புநீர் கீழாகவும், இரண்டும் கலவாமல் அடுக்கடுக்காக நிற்கும் அரிய ஏரி அது. வறண்ட காலத்தில் போனால் வெறும் சேற்றுப்பள்ளமாக இருக்கலாம். கடற்கரையில் ஆமைகள் முட்டையிடும், அவற்றைப் பேணும் நிலையம் ஒன்றும் உண்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பி வரப் படகு அமர்த்திக்கொள்ளலாம், கூலியை ஏறும் முன் பேசி முடியுங்கள்.

நான்காம் நாளை மேற்குக் கரையின் பாலிக் புலாவுக்கு வையுங்கள். கம்பெனிக் காலத்தில் இத்தீவில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டார்கள். ஜாதிக்காயின் சதையிலிருந்து எடுத்த சாறும், இனிப்பில் ஊறவைத்த துண்டுகளும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கடுமணம் வீசும் டுரியான் பழத்தின் காலம். தோட்டத்திலேயே உடைத்துத் தருவார்கள். அங்கேயே உண்டு கையைக் கழுவிவிட்டு வாருங்கள், விடுதிகளும் விமானங்களும் அந்தப் பழத்தை அனுமதிப்பதில்லை. விமான நிலையம் தெற்கே பாயான் லெப்பாஸில், நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு அறையைக் காலி செய்யுங்கள். ஜாதிக்காய்த் தைலம் வாங்கியிருந்தால் அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள், நெகிழிப் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.